நிரல்மொழிகளின் கதை – 17: இரண்டிலிருந்து மூன்றுக்கு

2008 டிசம்பர் 3-ஆம் தேதி பைத்தான் 3.0 வெளியானது. பைத்தான் கற்க உட்காரும் எவரும் முதலில் எழுதுவது ஒரே ஒரு வரிதான். பிரிண்ட் என்று தட்டி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் ஒரு வணக்கம் சொல்வார்கள். பதினேழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த அந்த வரி புதிய பதிப்பில் ஓடவில்லை. இலக்கணப் பிழை என்று செய்தி காட்டி நின்றுவிட்டது. பிரிண்ட் இனிமேல் கட்டளை அல்ல, ஒரு ஃபங்ஷன். அடைப்புக்குறி இல்லாமல் அதை அழைக்க முடியாது.

மொழியை உருவாக்கியவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். கைடோ வான் ராசமும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக 'பைத்தான் 3000' என்று பேசிக்கொண்டிருந்த திட்டம் இது. பழைய தவறுகளை ஒரே வீச்சில் திருத்துவது, அதற்காகப் பழைய நிரல்கள் உடைந்தாலும் ஏற்றுக்கொள்வது என்பதே அதன் அடிப்படை. திட்ட ஆவணம் 2006-இல் எழுதப்பட்டது. எவையெல்லாம் மாறப்போவதில்லை என்று சொல்வதற்கே தனியாக இன்னோர் ஆவணம் இருந்தது. இப்படி முன்கூட்டியே யோசித்துத் தொடங்கிய மாற்றம் முடிந்து பைத்தான் 2-இன் கணக்கு மூடப்பட்டது 2020-இல்தான். இடைப்பட்ட காலத்தில் உலகெங்கும் உள்ள நிறுவனங்களும் ஆய்வகங்களும் கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தின.

அவ்வளவு பாடு எதற்காக?

பலரும் பிரிண்டைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். உண்மையில் அது மிக எளிய மாற்றம். தேடி மாற்றிவிட்டால் தீர்ந்தது. சிக்கலின் வேர் வேறிடத்தில் இருந்தது, அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு வெளியே எங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

பைத்தானின் முதல் பொதுப் பதிப்பான 0.9.0 வெளியானது 1991 பிப்ரவரியில். யூனிகோட் தரத்தின் முதல் பதிப்பு அச்சானது அதே ஆண்டு அக்டோபரில். இன்று இணையத்தை ஆளும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தது 1992 செப்டம்பரில். அதாவது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துத் தரம் வருவதற்கு முன்பே பைத்தான் பிறந்துவிட்டது. அன்றைய வழக்கப்படி அதற்கு எழுத்து என்றால் பைட்; ஆங்கிலத்துக்கு அது போதும். 2000 அக்டோபரில் பைத்தான் 2.0 வந்தபோது யூனிகோட் சரம் என்ற இரண்டாவது வகையைச் சேர்த்தார்கள். மேற்கோள் குறிக்கு முன்னால் 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் யூனிகோட், போடாவிட்டால் பழைய பைட் சரம். இரண்டையும் நிரலாளர் கலந்து எழுதினால் மொழி தானாகவே பைட்டை ஆஸ்கி என்று எடுத்துக்கொண்டு யூனிகோடாக மாற்றும். யாருக்கும் சிரமம் வைக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு.

இப்போது 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடில் ஐந்து குறியெண்கள். 'மி'யில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, 'ழ்' என்பதில் ழகரமும் புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8-இல் சேமித்தால் குறியெண்ணுக்கு மூன்று பைட் வீதம் பதினைந்து பைட். பைத்தான் 2-இல் அந்தச் சொல்லைச் சாதாரண மேற்கோளுக்குள் போட்டு நீளம் கேட்டால் 15 என்று பதில் வரும். முன்னால் 'யு' சேர்த்துக் கேட்டால் 5. ஒரே சொல், ஒரே மொழி, இரண்டு விடைகள். தலைப்பைச் சுருக்கிக் காட்ட முதல் பத்து எழுத்தை மட்டும் எடு என்று ஒருவர் எழுதியிருந்தால், பைத்தான் 2 பத்துப் பைட்டை வெட்டித் தரும். ழகரத்தின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். திரையில் அது ஒரு கறுப்புக் கேள்விக்குறியாகத் தெரியும். தமிழ்த் தளங்களில் தலைப்பின் கடைசி எழுத்து சிதைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைக் கோளாறு புதிதல்ல.

இதைவிட மோசமானது அந்தத் தானியங்கி மாற்றம். ஆஸ்கியில் 0 முதல் 127 வரைதான் இடம். யூடிஎஃப்-8-இல் எழுதப்படும் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 224 என்ற பைட்டில்தான் தொடங்குகிறது. ஆகவே பைட்டும் யூனிகோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெயர் வந்து விழுந்தால், இந்தப் பைட் 128-க்குள் அடங்கவில்லை என்று நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியிருக்கும். விற்பனைக்கு அனுப்பிய பிறகு, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மொழிக்காரர் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதும்போது உடையும். பிழையை எழுதியவருக்கு அது தெரியாது. அனுபவிப்பவர் தமிழரோ சீனரோ அரபியரோ செக் நாட்டவரோ. பைத்தான் 3 இந்த அநீதியைத்தான் முதலில் நீக்கியது. உரை என்றால் எப்போதும் யூனிகோட், பைட் என்றால் பைட், இரண்டையும் தெரியாமல் கலக்க முடியாது, கலந்தால் முதல் நாளே பிழை காட்டும் என்பதுதான் புதிய விதி. ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இது தேவையில்லாத கெடுபிடியாகத் தோன்றியது. நமக்கு அப்படியல்ல. இந்த மாற்றத்தால் நிகர லாபம் அடைந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் உண்டு.

இன்னொரு கதவும் திறந்தது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் உட்பட அனைத்தையும் மொழி ஏற்றுக்கொள்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி பைத்தானில்தான் எழுதப்பட்டது. அவரும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்த 'ஓப்பன்-தமிழ்' லைப்ரரியைத் தொடக்கத்தில் இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி எழுதினார்கள். 'தமிழ்' என்பதற்கு 15-உம் இல்லை, 5-உம் இல்லை, 3 என்று சரியாக எண்ணித் தரும் லைப்ரரி அது.

சரியான மாற்றம் என்றால் ஏன் பன்னிரண்டு ஆண்டு? நோக்கம் சரி, வழி தவறு என்பதுதான் பதில்.

முதலில் வகுத்த வழி இப்படி. நிரலாளர்கள் பைத்தான் 2.6-இல் நன்றாக ஓடும் நிரலை வைத்திருக்க வேண்டும். '2டு3' என்ற மொழிபெயர்ப்புக் கருவியை அதன்மேல் ஓட்டினால் பைத்தான் 3 நிரல் வெளியே வரும். அந்த வெளியீட்டைக் கையால் திருத்தக்கூடாது; தவறு இருந்தால் மூலத்தைத் திருத்தி மறுபடியும் கருவியை ஓட்ட வேண்டும். எத்தனை காலம் இரண்டு பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டுமோ அத்தனை காலமும் இப்படியே. காகிதத்தில் இது ஒழுங்காகத் தெரிந்தது. நடைமுறையில், பைத்தான் 3-இல் ஒரு பிழை வந்தால் அது காட்டும் வரி எண் நிரலாளர் எழுதிய கோப்பில் இருக்காது, கருவி எழுதிய கோப்பில் இருக்கும். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் மொழிபெயர்ப்பு, பிறகு சோதனை, மறுபடி மொழிபெயர்ப்பு.

கருவியால் செய்ய முடிந்தவையும் மேலோட்டமானவை. பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடும். பெயர் மாறிய ஃபங்ஷன்களுக்குப் புதுப்பெயர் கொடுக்கும். ஒரு நிரலில் உள்ள மேற்கோள் சரம் ஒன்று மனிதர் படிக்கும் உரையா, நெட்வொர்க்கில் போகும் பைட்டா என்று அதனால் சொல்ல முடியாது. அது எழுதியவரின் மனத்தில் இருக்கும் சங்கதி. பல நேரங்களில் எழுதியவருக்கே தெரியாது, ஏனென்றால் பைத்தான் 2 அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவே இல்லை.

ஓர் ஒப்பீட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1978-இல் அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் வடிவத்தை மாற்றியது. பழைய கொம்பு வைத்த 'லை'யில் அச்சான புத்தகத்தையும் புதிய 'லை'யில் அச்சான பாடநூலையும் ஒரே ஆள் ஒரே நாளில் படிக்க முடிந்தது; அதனால் மாற்றம் யாரையும் உடைக்காமல் உள்ளே வந்தது. பைத்தான் 3-க்கு அந்த வசதி இல்லை. பைத்தான் 3-ஆல் பழைய வடிவத்தைப் படிக்க முடியாது, பைத்தான் 2-ஆல் புதியதைப் படிக்க முடியாது.

இதில் ஒரு பூட்டும் இருந்தது. ஒரு நிறுவனத்தின் நிரல் பத்து லைப்ரரிகளை நம்பியிருந்தால், பத்தும் பைத்தான் 3-க்கு வந்த பிறகுதான் அந்த நிறுவனம் நகர முடியும். லைப்ரரி எழுதியவரோ, பயன்படுத்துபவர்கள் எல்லாரும் 2-இல் இருக்கும்போது 3-க்காக ஏன் உழைக்க வேண்டும் என்று கேட்பார். ஒருவர் நகர மற்றவர் நகர வேண்டும். இணையச் செயலிகளின் நிலை இன்னும் இறுக்கம். சர்வருக்கும் பைத்தான் நிரலுக்கும் இடையிலான ஒப்பந்தம் எது உரை, எது பைட் என்று தெளிவாகச் சொல்லவில்லை. அதைத் திருத்திய ஆவணம் 2010-இல்தான் வந்தது. ஜாங்கோ சட்டகம் பைத்தான் 3-ஐச் சோதனை அளவில் ஆதரிக்கத் தொடங்கியது 2013 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில். அறிவியல் கணக்கீட்டின் அடித்தளமான நம்பை 2010-லேயே வந்துவிட்டது. அந்தச் சமூகத்தை இங்கே பாராட்டியாக வேண்டும்.

3.0 பதிப்பும் அவசரத்தின் அடையாளங்களோடு வந்தது. உள்ளீடு, வெளியீடு செய்யும் பகுதியைப் பைத்தானிலேயே எழுதியிருந்ததால் கோப்புகளைப் படிப்பது மிக மெதுவாக இருந்தது; 2009 ஜூனில் வந்த 3.1-இல் அதை சி மொழியில் மாற்றி எழுதினார்கள். அதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கோப்பின் பெயர் வெறும் பைட் வரிசைதான். அது யூடிஎஃப்-8-ஆக இருந்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு கோப்புறையில் உள்ள பெயர்களையெல்லாம் கொடு என்று உரை வடிவில் கேட்டால், பைத்தான் 3.0 தனக்குப் படிக்க முடியாத பெயர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இதை நம்பினால் என்னாகும்? சில கோப்புகள் பிரதி ஆகாமலே போகும், பிழைச் செய்தியும் வராது. மார்ட்டின் ஃபான் லோவிஸ் 2009-இல் முன்வைத்த தீர்வு 3.1-இல் இதைச் சரிசெய்தது. படிக்க முடியாத பைட்டுகளை யூனிகோடின் ஒதுக்குப்புறமான ஓர் இடத்தில் மறைத்து எடுத்துச் சென்று, கோப்பைத் திறக்கும்போது பழையபடி பைட்டாக மீட்டுத் தரும் ஏற்பாடு அது.

வழி திறந்தது யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து. மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, ஒரே நிரலை இரண்டு பதிப்புகளிலும் ஓடும்படி எழுதிப் பார்த்தால் என்ன என்று லைப்ரரி எழுதுபவர்கள் முயன்றார்கள். பைத்தான் 2.6-இலும் 2010 ஜூலையில் வந்த 2.7-இலும் புதிய பழக்கங்கள் சிலவற்றை முன்கூட்டியே இறக்குமதி செய்துகொள்ளும் வசதி இருந்தது. கோப்பின் தலையில் ஒரு வரி சேர்த்தால் பிரிண்ட் ஃபங்ஷனாகிவிடும். இன்னொரு வரி சேர்த்தால் 3-ஐ 2-ஆல் வகுக்கும்போது 1 வராமல் 1.5 வரும். மிச்ச வேறுபாடுகளை மூடி மறைக்க பெஞ்சமின் பீட்டர்சன் 'சிக்ஸ்' என்ற சிறு லைப்ரரியை எழுதினார். இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்படி இருந்த அந்த லைப்ரரி பல்லாயிரம் திட்டங்களுக்குள் நுழைந்தது.

ஒரு தடை மட்டும் பாக்கி. பைத்தான் 3 அந்த 'யு' முன்னொட்டை நீக்கியிருந்தது. எல்லா உரையும் யூனிகோட் ஆகிவிட்டபின் அது எதற்கு என்பது வாதம். தர்க்கப்படி சரி. ஆனால் பைத்தான் 2-இல் யூனிகோடைப் பொறுப்போடு கையாண்டவர்கள், அதாவது நல்ல பிள்ளைகள், எழுதிய நிரல்தான் இதனால் அதிகம் உடைந்தது. ஃபிளாஸ்க் சட்டகத்தை எழுதிய ஆர்மின் ரோனாக்கர் பைத்தான் 3-ஐ வெளிப்படையாக விமர்சித்தவர். அவரே 2012-இல் அந்த முன்னொட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆவணம் எழுதினார். அதற்கு மதிப்பு எதுவும் வேண்டாம், பைத்தான் 3 அதைப் பார்த்தும் பாராமல் தாண்டிச் சென்றால் போதும். குழு ஏற்றுக்கொண்டது. 2012 செப்டம்பரில் வந்த 3.3-இல் 'யு' மீண்டும் செல்லுபடியானது. ஓர் எழுத்துதான், ஆனால் மாற்றத்தின் திசையைத் திருப்பியது அதுவே என்று தயங்காமல் சொல்லலாம். விமர்சகரின் பேச்சைக் கேட்டு, தூய்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பயனாளரின் வேலையைக் குறைத்த முடிவு அது.

பெரிய நிறுவனங்கள் எப்படி நகர்ந்தன என்பதற்கு இன்ஸ்டாகிராம் நல்ல சான்று. 2017 மே மாதம் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த பைகான் மாநாட்டில் அந்த நிறுவனத்தின் லிசா குவோவும் ஹுய் டிங்கும் தங்கள் கதையைச் சொன்னார்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலி. பின்னால் ஓடுவது பழைய ஜாங்கோவும் பைத்தான் 2.7-உம். தனிக் கிளை பிரித்து அங்கே மாற்றிவிட்டுப் பிறகு சேர்க்கலாம் என்ற யோசனையை அவர்கள் ஏற்கவில்லை. மற்றவர்கள் தினமும் மாற்றிக்கொண்டிருக்கும் அதே மூலக்கிளையிலேயே, சேவை ஒரு நாளும் நிற்காமல், நிரலை இரண்டு பதிப்புக்கும் பொதுவாக்கினார்கள். முதலில் பொறியாளர்களின் கணினிகளில், அடுத்து ஊழியர்களுக்கு, அடுத்து பயனாளரில் மிகச் சிறிய பங்குக்கு, கடைசியில் எல்லாருக்கும். ஏறக்குறைய பத்து மாத உழைப்பு. 2017 பிப்ரவரியில் முடிந்தது.

அவர்கள் சொன்னதில் ஒரு சம்பவம் இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் அறிய வேண்டியது. பைத்தான் 3-க்கு மாறியதும் ஒரு வேண்டுகோளைக் கையாள ஆகும் சிபியு வேலை 12 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரு சர்வர் நொடிக்கு எத்தனை வேண்டுகோள் தாங்குகிறது என்று அளந்தால் அந்த எண் ஏறவே இல்லை. எங்கோ ஏதோ கசிகிறது. தேடிப் பார்த்தபோது, நினைவகத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு ஒன்று இயங்காமல் கிடந்தது தெரிந்தது. அதை இயக்குவதற்கான நிபந்தனை, சர்வர் தரும் மதிப்பை ஒரு மேற்கோள் சரத்தோடு ஒப்பிட்டது. சர்வர் தந்தது பைட். மேற்கோளில் இருந்தது, பைத்தான் 3-இன் கணக்கில், உரை. இரண்டும் ஒருபோதும் சமமல்ல. பிழை வரவில்லை, 'இல்லை' என்ற விடை மட்டும் வந்தது. மேற்கோளுக்கு முன்னால் 'பி' என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள், வேலை முடிந்தது. கலந்தால் பிழை காட்டும் என்று பெருமையாகச் சொன்ன மொழி, சமமா என்று கேட்கும் இடத்தில் மட்டும் மௌனமாக இருந்துவிட்டது. சாதாரணமாக ஓட்டினால் இந்த ஒப்பீட்டுக்கு எச்சரிக்கை வராது; அதற்கென உள்ள விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால்தான் வரும்.

வேறு சறுக்கல்களும் இருந்தன. மேப் என்ற ஃபங்ஷன் பைத்தான் 2-இல் முழுப் பட்டியலையும் கையில் கொடுக்கும். 3-இல் ஒவ்வொன்றாக எடுத்துத் தரும், எடுத்தது எடுத்ததுதான். இரண்டாம் முறை கேட்டால் முன்பு எடுத்தவை அங்கே இருக்காது. இதை அறியாத பழைய நிரல்கள் பட்டியலின் தொடக்கத்தைத் தொலைத்தன. பிக்கிள் என்ற வடிவத்தில் ஒரு பதிப்பு சேமித்ததை மற்றது படிக்கத் தடுமாறியதால், இரண்டு பதிப்புகளும் ஒரே நேரத்தில் ஓடிய மாதங்களில் அவற்றின் தற்காலிகச் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது.

உடைந்ததால் வெளிச்சத்துக்கு வந்த பழைய தவறுகளையும் சொல்ல வேண்டும். பைத்தான் 2 எதையும் எதோடும் ஒப்பிடும். கோப்பிலிருந்து படித்த 35 என்ற மதிப்பெண் எண்ணாக மாற்றப்படாமல் உரையாகவே இருந்து, அதை 90 என்ற எண்ணோடு ஒப்பிட்டால், 35-தான் பெரியது என்று சொல்லும். உரை எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் விதி. பைத்தான் 3 இந்த ஒப்பீட்டைச் செய்ய மறுத்துப் பிழை காட்டுகிறது. வகுத்தலிலும் அப்படியே. முழு எண்களை வகுத்துப் பின்னத்தை இழந்துகொண்டிருந்த ஆய்வு ஸ்கிரிப்டுகள் இடம் மாறும்போது வேறு விடை தரத் தொடங்கின. எது சரியான விடை என்று உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டாயம் பலருக்கு அப்போதுதான் வந்தது.

எல்லாருக்கும் இன்ஸ்டாகிராமின் ஆள்பலம் இல்லை. மெர்க்கூரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு உரை என்ற கருத்தே அந்நியம். பயனாளரின் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருந்தாலும் பைட் மாறாமல் காப்பதுதான் அதன் தொழில். அப்படிப்பட்டவர்களுக்குத் தேவையான பைட் வடிவமைப்பு வசதியை 3.0 எடுத்துவிட்டிருந்தது, 2015 செப்டம்பரில் வந்த 3.5-இல்தான் திருப்பிக் கொடுத்தது. மெர்க்கூரியல் பைத்தான் 3-ஐ முறையாக ஆதரித்தது 2019 நவம்பரில், 5.2 பதிப்பில். இந்திய நிரலாளர் கோவிட் கோயல் உருவாக்கிய மின்னூல் மென்பொருளான காலிபரின் கதை இன்னும் பிடிவாதமானது. முழு மென்பொருளையும் மாற்றுவதைவிட பைத்தான் 2-ஐத் தானே பராமரிப்பது எளிது என்று அவர் ஒரு கட்டத்தில் எழுதினார். தனி ஒருவர் பெரும்பாலும் தன் தோளில் சுமந்த அத்தனை பெரிய மென்பொருளுக்கு அந்தக் கணக்கு நியாயமானதுதான். பிறகு தன்னார்வலர்கள் கைகொடுக்க, அவரும் முழு மூச்சாக இறங்க, 2020 செப்டம்பரில் வந்த காலிபர் 5.0 பைத்தான் 3-இல் ஓடியது.

காலக்கெடு நீண்டதும் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பைத்தான் 2.7-இன் ஆதரவு முதலில் 2015-இல் முடிவதாக இருந்தது. 2.8 வரவே வராது என்பதை அறிவிக்க 2011-இல் ஒரு தனி ஆவணமே எழுதியிருந்தார்கள். ஆனால் 2014-இல் மாண்ட்ரியல் பைகான் கூடியபோது, பாதி உலகம் இன்னும் கிளம்பவே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கெடு 2020-க்குத் தள்ளப்பட்டது. அதோடு நிற்காமல், பாதுகாப்பான இணைப்புக்கான வசதிகளைப் பைத்தான் 3-இலிருந்து எடுத்து 2014 டிசம்பரின் 2.7.9-இல் சேர்த்தார்கள். பழைய வீட்டில் இருப்பவர்கள் பாதுகாப்பின்றி இருக்கக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது.

சர்வர் நிர்வாகிகள் பட்ட பாடு தனி. ஆர்ச் லினக்ஸ் 2010 அக்டோபரிலேயே பைத்தான் என்ற கட்டளையை 3-க்குத் திருப்பிவிட்டது. முதல் வரியில் வெறுமனே பைத்தான் என்று எழுதியிருந்த ஸ்கிரிப்டுகள் அங்கே அடுத்த நாளே விழுந்தன. மற்ற லினக்ஸ்களில் அதே கட்டளை இன்னும் 2-ஐத்தான் அழைத்தது. ஸ்கிரிப்டுகள் 2 அல்லது 3 என்று எண்ணோடு சேர்த்தே அழைக்க வேண்டும் என்ற பரிந்துரை அதன்பின் வந்தது. இன்னொரு சிக்கல் கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு. டெர்மினலில் கையால் ஓட்டினால் தமிழை அழகாக அச்சிடும் ஸ்கிரிப்ட், இரவில் கிரான் ஓட்டும்போது ஆஸ்கி பிழையோடு சாகும். மொழி அமைப்பு எதுவும் தரப்படாத சூழலில் பைத்தான் 3 ஆஸ்கிக்கே திரும்பிவிட்டதுதான் காரணம். 2018 ஜூனில் வந்த 3.7 அந்தச் சூழலில் யூடிஎஃப்-8-ஐத் தானே தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்காகச் செய்த மாற்றம் அந்த மொழிகளுக்கு முழுமையாகப் பயன்படவே பத்தாண்டு ஆனது.

அதற்குள் காற்று திரும்பியிருந்தது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையும் ஜெட்பிரெயின்ஸும் நடத்திய கணக்கெடுப்பில் முதன்மையாகப் பைத்தான் 3-ஐப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 2017-இல் 75 சதவீதம், 2018-இல் 84, 2019-இல் 90. 2017 ஏப்ரலில் ஐபைத்தான் 6.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாங்கோ 2.0. லைப்ரரிகள் இல்லாததால் நகர முடியவில்லை என்ற பூட்டு இப்போது எதிர்ப்பக்கம் திரும்பி, நகராவிட்டால் புதிய லைப்ரரி கிடைக்காது என்றானது. 2019-இல் கூட, ஜேபி மார்கன் வங்கியின் அதீனா என்ற அமைப்பில் மூன்றரைக் கோடி வரி பைத்தான் இருப்பதாகவும் கெடுவுக்குள் அது முழுவதும் மாறாது என்றும் செய்தி வந்தது.

2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது. மிச்சமிருந்த திருத்தங்களோடு 2.7.18 அந்த ஆண்டு ஏப்ரல் 20-இல் வெளியானது, அதுவே கடைசி. ஆப்பிள் தன் மேக்ஓஎஸ் 12.3-இலிருந்து 2022 மார்ச்சில் அதை நீக்கியது. டெபியன் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் கைவிட்டது.

பைத்தான் குழு இதிலிருந்து எடுத்த முடிவுகள் இன்று எழுத்தில் உள்ளன. ஒரு வசதியை நீக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை தர வேண்டும். பைத்தான் 4 என்று ஒன்று அநேகமாக வரவே வராது என்று வான் ராசம் சொல்லியிருக்கிறார். எந்த மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி 2008-இல் பயணத்தைத் தொடங்கினார்களோ, அந்த '2டு3' 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் பைத்தானிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் அலுவலகத்தின் ஏதோ ஒரு சர்வரில் இன்னும் 2.7 ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால், புதிய பைத்தானோடு அந்தக் கருவி வராது என்பதை நினைவில் வையுங்கள். தமிழ்ப் பெயர்களும் வெற்றுக் கட்டங்களும் கலந்த உண்மையான தரவை வைத்து முதலில் ஒரு சோதனை எழுதிவிட்டு, பிறகு நிரலில் கை வையுங்கள்.

பைத்தான் பன்னிரண்டு ஆண்டில் கரையேறியது. இதற்கு முன்பே இதைவிடத் துணிச்சலாகப் புறப்பட்ட பெர்ல் 6, கடைசியில் 2019-இல் தன் பெயரையே ராக்கு என்று மாற்றிக்கொண்டு தனி மொழியாகப் பிரிந்தது. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)